சோலையாயிக்குக் கூரை போட்டவர்கள்

பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பலகை அது. அதில் வெள்ளை எழுத்தில், "உயிர்ப்பலி இடுவது பாவம். அசைவம் உண்டவர்கள் உள்ளே வரக்கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதி எங்கள் சாமி இருக்கிற சோலையின் வாசலில் நட்டிருந்தார்கள். நான் அப்போது செம்மேட்டில் நர்ஸ் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு ஊருக்கு வந்தவளை, காப்பிகூடக் குடிக்க விடாமல் அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "படி கண்ணு, என்னமோ எழுதி நட்டுட்டுப் போயிருக்கானுங்க" என்றாள். படித்துக் காட்டினேன். "பாவமா? யாருக்குப் பாவமாம்? அதை எழுதலையா?" என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். அத்தைக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. பலகையின் பின்பக்கம் போய், மிச்சத்தை அங்கே எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததுதான் ஒரு நாடு; ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊர் மேட்டில் சாமையும் மரவள்ளியும் போட்டு, பலா மரங்களில் மிளகு ஏற்றியிருந்தாள். வாய் அதிகம். செம்மேட்டுச் சந்தையில் மிளகு வியாபாரிகள் அத்தை வருவதைப் பார்த்தாலே தராசைத் துடைத்துவைப்பார்கள். முதலில் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல், ஒரு நாள் காலையில் எழுந்து வந்துவிட்டாள். நாட்டார் கூடி உட்கார்ந்து பேசி, பரிசத்தைத் திருப்பிக் கொடுக்கவைத்து, மனசுக்குப் பிடித்த மாமாவுக்குக் கட்டிவைத்தார்கள். எங்களிடம் இது எப்போதும் உள்ள வழக்கம். வாழப் பிடிக்காத வீட்டில் ஒரு பெண் கிடந்து சாக வேண்டும் என்று எங்கள் முன்னோர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. அதற்கு எழுதப் படிக்கத் தெரியாததுதான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பலகை நட்டவர்கள் மலைக்குக் கீழேயிருந்து வந்த ஓர் அறக்கட்டளை. பெயர் வேண்டாம், சொன்னால் அதற்கும் ஒரு விளம்பரமாகிவிடும். முதலில் கண் பரிசோதனை, பிறகு இலவசக் கண்ணாடி, பிறகு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. எல்லாம் நல்லதுதான். கண்ணாடி போட்டுப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு அவர்களின் முகம் இன்னும் நல்லவிதமாகத் தெரிந்தது. மலைமக்களை நாகரிகப்படுத்தி நீரோட்டத்தில் சேர்ப்பது என்று அவர்களின் நோட்டீசில் அச்சிட்டிருந்தது. மலையில் இருப்பவளுக்கு நீரோட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். எங்கள் ஓடையில் குளித்துவிட்டு எங்களையே அதில் சேர்க்க வந்தவர்களை அன்றைக்கே நான்கு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் சோலையாயிக்குக் கூரை கிடையாது. நாவல் மரத்தடியில் முழங்கால் உயரக் கல், அவ்வளவுதான். ஆடிச் சாரலும் மார்கழிப் பனியும் அவள் மேல்தான் இறங்கும். நனையாத சாமிக்கு நனைகிறவன் கஷ்டம் தெரியாது என்பது எங்கள் நம்பிக்கை. அறக்கட்டளையின் தலைவர், நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய இனிப்புமாக, "உங்க தாய் இப்படி மழையில நனையலாமா? நாங்க ஒரு கோயில் எழுப்பித் தரோம்" என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டார். வீட்டுக்கு வந்தவரை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இல்லை. "சாமிகிட்டக் கேட்டுச் சொல்றோமுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். எங்கள் கணக்கில் அப்படிச் சொன்னால், ஆடித் திருவிழா வரும், அதில் சாமி வாக்குச் சொல்லும், அதுவரை யாரும் ஒரு கல்லையும் புரட்டக் கூடாது. அவர்கள் கணக்கில் அது சரி என்று சொன்னதாக ஆகிவிட்டது. மறுவாரமே சிமெண்ட் லாரி மலையேறி வந்து நின்றது. சுற்றுச்சுவர் மட்டும்தான் என்றார்கள். சுவர் நின்றதும் தூண் மட்டும்தான் என்றார்கள். ஆடி வருவதற்குள் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். கூரைக்கு மேலே ஒரு குட்டிக் கோபுரமும், வாசலுக்குப் பூட்டும், அதன் சாவிக்குக் கீழேயிருந்து ஓர் ஐயரும் வந்தார்கள். சோலையாயிக்கு நாக்கில் நுழையாத ஒரு நீளமான பெயரை வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவளுக்குப் பூசை செய்த பூசாரி மாமா, கம்பிக் கதவுக்கு வெளியே கைகட்டி நின்று தீர்த்தம் வாங்கினார்.

அந்த ஆடியில் ஆடு வெட்ட விடவில்லை. ஆடு வெட்டுவது என்றால் இவர்கள் நினைப்பதுபோல் கத்தியை எடுத்தோமா வெட்டினோமா என்பதல்ல. ஆட்டைச் சாமி முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றிவிட்டு, எல்லோரும் ஒதுங்கி நின்று காத்திருப்போம். ஆடு துலுக்க வேண்டும். கழுத்திலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுதும் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சம்மதம். காதை ஆட்டினால் போதாது. தலையை மட்டும் ஆட்டினாலும் செல்லாது. துலுக்காத ஆட்டின் மேல் கத்தி படக் கூடாது. துலுக்கவில்லை என்றால் ஊரில் எங்கேயோ ஒரு சண்டை தீராமல் கிடக்கிறது என்று அர்த்தம். பசியோடு உட்கார்ந்து அதைத் தேடுவோம். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு வருஷம் அத்தை நேர்ந்துவிட்ட கிடாய் உச்சிப்பொழுது தாண்டியும் துலுக்காமல் நின்றது. உலையில் சாமைச் சோறு குழைந்துபோனது. பிள்ளைகள் அழுதோம். அத்தை சோலையாயியையே திட்டினாள். "ஏனாயா, நாங்க பட்டினி கெடக்கறது கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கல்லைப் பார்த்துக் கத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கூட்டத்தில் இருந்த தன் ஓரகத்தியின் முன்னால் போய் நின்று, வரப்புத் தகராறில் தான் சொன்ன ஒரு கெட்ட வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஓரகத்தி மூக்கைச் சிந்தினாள். பின்னால் கிடாய் சடசடவென்று துலுக்கியது. ஊரே கை தட்டியது. அன்றைக்கு அந்தச் சோறு எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

வெட்டப்போகிற ஆட்டிடம்கூடச் சம்மதம் கேட்கிற சனம் நாங்கள். எங்களைத்தான் காட்டுமிராண்டிகள் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் சாமியின் தலைக்கு மேல் கான்கிரீட் ஊற்றியவர்கள் நாகரிகமானவர்கள்.

இதையெல்லாம்கூட அத்தை பொறுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவளைச் சுட்டது வேறு. அத்தைக்கு ஒரே மகள். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாடுவாள். அறக்கட்டளையின் மாலை வகுப்பில் அவளைப் பாட்டுக் குழுவில் சேர்த்தார்கள். குப்பாயி என்ற பெயர் நன்றாக இல்லை என்று அவளுக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். பேச்சைத் திருத்தினார்கள். வீட்டை ஊடு என்று சொன்னால் உள்ளங்கையில் ஒரு தட்டு. பூர்வீகத்தில் பலி கொடுத்தவர்களின் பாவம் பிள்ளைகள் தலையில் விடியும் என்று கதை சொன்னார்கள். ஒழுக்க வகுப்பு என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு டீச்சரம்மா, ஒரு புருஷனை விட்டு இன்னொரு புருஷனிடம் போகிறவளைத் தங்கள் ஊர்ப் பக்கத்தில் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டாராம். பிள்ளைகள் எல்லோரும் அத்தை மகளைத் திரும்பிப் பார்த்தார்களாம். அன்று ராத்திரி அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நீ தொட்டதை நான் சாப்பிட மாட்டேன்" என்று பெற்ற தாயைப் பார்த்துச் சொன்னாள். பேசிப் பேசியே எங்கள் காதை ஓட்டையாக்குகிற அத்தை, அந்தத் தட்டை எடுத்து மாமா கையில் கொடுத்து அவரை ஊட்டிவிடச் சொன்னாளாம். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை அறக்கட்டளையின் விடுதியிலேயே தங்கிக்கொண்டது. கூப்பிடப் போன அத்தையை, பிள்ளையின் மனசு கெட்டுவிடும் என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு குழந்தைக்கு அதன் தாயைப் பார்த்து அருவருக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு கரும்பலகை, அதற்கு ஒரு டீச்சர்.

மனுக் கொடுத்துப் பார்த்தோம். நானே எழுதினேன். ஊர்க்கவுண்டரும் பூசாரி மாமாவும் அத்தையும் சலவைத் துணி உடுத்திக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்கள். எங்கே போனாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. "நல்லதுதானே செய்யறாங்க, இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மாசியில் கும்பாபிஷேகம் என்று அறிவித்தார்கள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மஞ்சள் சேலை கொடுத்து, குளித்துவிட்டு இதைக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றுக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். மிளகு பறிக்கிற காலம் அது. அத்தை அந்தச் சேலையை வாசலில் விரித்து அதன்மேல் மிளகைக் காயப்போட்டாள். அதைப் பார்த்துவிட்டு ஊரில் எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின சாயங்காலம், அறுத்த சாமைக் காட்டில் ஊர் கூடியது. எடப்புளி நாட்டிலிருந்து சம்பந்திக்காரர்களும் வந்திருந்தார்கள். இளவட்டங்கள் பந்தலைக் கொளுத்திவிடலாம் என்றார்கள். அத்தைதான் எழுந்து சொன்னாள். "நாளைக்கு நம்ம மேல தண்ணி தெளிப்பாங்க. தண்ணி ஊத்துனா என்னங்க அர்த்தம்? சம்மதமான்னு கேக்கறாங்கன்னு அர்த்தம். இத்தனை நாளா கேக்காதவங்க நாளைக்குத் தெரியாமயே கேக்கப் போறாங்க. நாமளும் அதுக்குப் பதில் சொல்லிப்போடுவோம்." ஊரே அவளைப் பார்த்தது. ஊர்க்கவுண்டர் எழுந்து நின்று, யாரும் மீறக் கூடாத ஒரு கட்டு வைத்தார். யாரும் கையோங்கக் கூடாது. எல்லோரும் போய் நிற்போம். தண்ணீர் விழும். நம் சனத்தில் ஓர் உசிர் துலுக்கினாலும் அது சாமியின் சம்மதம். அதற்குப் பிறகு கூரையைப் பற்றி எவனும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவரும் துலுக்கவில்லை என்றால் கூரை இறங்க வேண்டும். சோலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் கீழேயிருந்து கார்கள் வரிசையாக ஏறி வந்தன. முன்வரிசையில் பட்டுச் சேலைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். அதற்குப் பக்கத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய பாட்டுக் குழு. அதில் அத்தை மகளும் இருந்தாள். அவள் அங்கே நிற்பாள் என்பது ஏனோ முந்தின நாள் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அத்தை அவளைப் பார்த்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடித்த இடம் வலித்தது. நாங்கள் கயிற்றுக்குப் பின்னால் உட்காரவில்லை, நின்றோம். கோபுரத்தில் குடத்து நீரை ஊற்றினார்கள். பிறகு, காட்டுக்கு மருந்தடிக்கிற மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் கூட்டத்தின் மேல் தீர்த்தத்தைப் பீய்ச்சினார்கள். முன்வரிசை கையைத் தூக்கிக் கூவியது. எங்கள் மேலும் விழுந்தது. மாசிக் காலையில் அந்தத் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. முடியிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து தாடைக்கு வழிந்தது. ஒருவரும் அசையவில்லை. எனக்கு முன்னால் ஒருத்தி இடுப்புக் குழந்தையைத் தன் உடம்போடு சேர்த்து இறுக்கி, அதன் தலைமேல் தன் தாடையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தும்மல் வந்த கிழவர் ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். எங்களைப் பார்த்த அறக்கட்டளைத் தலைவருக்கு ஒரே ஆனந்தம். "பாருங்கள், மலைவாழ் மக்கள் பக்தியில் சிலையாகி நிற்கிறார்கள்! இன்னும் தெளியுங்கள்!" என்று மைக்கில் சொன்னார். இன்னும் தெளித்தார்கள். நாங்கள் இன்னும் நின்றோம்.

அப்போதுதான் மெஷின்காரன் பாட்டுக் குழுவின் பக்கம் திரும்பினான். அத்தை மகள் மேல் தண்ணீர் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே உதறினாள்.

எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஊர்க்கவுண்டர் முகம் செத்துவிட்டது. பூசாரி மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஓர் உசிர் போதும் என்று கட்டு வைத்தது நாங்கள்தான். பெயரை மாற்றினாலும் பாவாடையை மாற்றினாலும் அவள் எங்கள் உசிர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அத்தையின் குரல் கேட்டது. சந்தையில் கேட்கிற அதே குரல். "தலையைத்தான் ஆட்டுனா. உடம்பு துலுக்கலைங்க. நான் பெத்தவ, நான் பாத்துட்டுத்தான் நிக்கறேன். தலையை ஆட்டுனா கணக்குல வராது." ஊர்க்கவுண்டர் பூசாரி மாமாவைப் பார்த்தார். பூசாரி மாமா கண்ணைத் திறந்தார். "ஆமாங்க, தலைதான்" என்றார். "தலைதான், தலைதான்" என்று பின்னாலிருந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் கயிற்றைத் தாண்டிப் போய் மைக்குக்கு முன்னால் நின்று, மரியாதை குறையாமல், "சம்மதம் இல்லீங்க" என்றார்.

தலைவருக்கு என்ன சம்மதம், எதற்குச் சம்மதம் என்று ஒன்றும் விளங்கவில்லை. விளங்குவதற்குள் பெண்கள் கதவை அடைந்துவிட்டார்கள். எங்கள் ஆண்கள் பாறையை உடைத்துக் காடு திருத்துகிறவர்கள். கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துவரப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் பட்டுச் சேலைகள் கார்களுக்குள் ஏறியிருந்தன. ஒருவரையும் யாரும் தொடவில்லை, ஒரு நாற்காலிகூட உடையவில்லை. கூரையை மட்டும் உடைத்தோம். பெண்கள் கீழே வட்டமாக உட்கார்ந்து, சோலையாயியின் கல் மேல் சில்லு விழாமல் எங்கள் வீட்டுக் கோரைப்பாய்களைப் பிடித்துக்கொண்டோம். போலீஸ் வேன் வளைவு வளைவாக ஏறி வந்தபோது எடப்புளி நாட்டுக்காரர்கள் ரோட்டில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் சோலையாயியின் தலைக்கு மேலே வானம் தெரிந்தது. வழக்கு வந்தது, நாமக்கல்லுக்கு அலைந்தோம், நியாயமாகவும் அநியாயமாகவும் பேசி முடித்தார்கள். அறக்கட்டளை மலையிறங்கியது. விடுதியை மூடும்போது நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகளைக் கீழே இருந்த தங்கள் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போனார்கள். அத்தை மகளும் போனாள். அத்தை தடுத்தாள். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான், அது வருகிறேன் என்று சொல்லவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. தூண்கள் அப்படியேதான் நிற்கின்றன. சும்மா நிற்கிற தூணில் மிளகாவது ஏறட்டும் என்று அத்தை கொடி நட்டுவிட்டாள், நன்றாகக் காய்க்கிறது. இப்போதெல்லாம் வார விடுமுறைக்கு மலையேறி வருகிறவர்கள் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, எந்த ராஜா காலத்துக் கோயில் என்று என்னிடமே கேட்கிறார்கள். அத்தை மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். கெட்டிக்காரி, நல்லவளும்கூட. பொங்கலுக்கு வருவாள், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கி வருவாள். வாழைப்பழமும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடுவாள். ஊர் எது என்று யாராவது கேட்டால் நாமக்கல் என்று சொல்லிவிடுவாளாம், அதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் வயிற்றில் போட்ட வெறுப்பு அவள் செய்த சமையல் அல்ல. ஆடிக்கு மட்டும் அவள் வருவதில்லை. ஒவ்வோர் ஆடியிலும் கிடாயின் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்து நிற்கும்போது, அத்தை யாரும் கேட்காமலே பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்கிறாள். "அன்னிக்கு எம்புள்ள தலையைத்தான் ஆட்டுனா." கேட்பவர்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல், ஆமாங்க, தலைதான் என்கிறார்கள்.

நான் அன்றைக்கு அத்தையின் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளை கழுத்து, தோள், இடுப்பு, பாவாடை நுனி வரைக்கும் சிலிர்த்து, சடை இரண்டு பக்கமும் அடிக்க, மேலே விழுந்த தண்ணீர் எல்லாம் தெறிக்கும்படி உதறினாள். நான் பார்த்ததிலேயே அவ்வளவு சுத்தமாக ஓர் ஆடுகூடத் துலுக்கியதில்லை. பூசாரி மாமா பார்த்தார். ஊர்க்கவுண்டர் பார்த்தார். ஊரே பார்த்தது. ஆட்டை ஏமாற்றக் கூடாது என்று உச்சிவெயிலில் பட்டினி கிடந்த சனம், பெற்ற மகளைச் சாமியை விற்றவள் ஆக்காமல் இருக்க ஒரு தாய் சொன்ன பொய்யை, சோலையாயிக்கு முன்னால் நின்று ஒரே வாயாகச் சொன்னது. நானும் சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சோலையாயி எங்கள் ஊர்க்காரி, அவளுக்குப் புரிந்திருக்கும். எங்களை அந்தப் பொய்யைச் சொல்லவைத்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.